தலையாட்டல் புரிதல் ஆகாது: மருந்தாளுநர் கல்வியில் பாவனை நோயாளி

இந்தியாவில் ஆறாண்டுப் பார்ம்.டி. படிப்பு 2008இல் தொடங்கியது. நோயாளிக்கு மருந்து பற்றிய ஆலோசனை வழங்குவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் பொறுப்பாக 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குவிதிகள் வகுத்தன. இப்பொறுப்புக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த, பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிக்கும் பாவனை நோயாளிமுறை மிகவும் ஏற்றது. ஆனால் அதைத் தேர்வுக் கருவியாக மட்டும் சுருக்கினால் அதன் பயனில் பெரும்பகுதியை இழப்போம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1963இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக நரம்பியல் வல்லுநர் ஹோவர்ட் பாரோஸ், உடல்நலமுள்ள ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சியளித்து மருத்துவ மாணவர்களிடம் அனுப்பினார். 1975இல் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவாக்கிய ‘ஆஸ்கி’ (OSCE) என்னும் கட்டமைக்கப்பட்ட மருத்துவச் செய்முறைத் தேர்வுமுறை, இத்தகைய நோயாளிகள் பரவலாகப் பயன்பட வழிவகுத்தது. பிற்பாடு பார்மசிக் கல்வியும் இதை ஏற்றது. எல்லா மாணவரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடிவது இத்தேர்வின் வலிமை. அதன் சரிபார்ப்புப் பட்டியலோ மாணவர் எதையெல்லாம் சொன்னார் என்றுதான் பெரும்பாலும் எண்ணுகிறது; நோயாளிக்கு என்ன புரிந்தது என்பது அந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்வோம். குறைந்த அளவில், வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து இது. தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மாணவர் இதைத் தெளிவாகவே சொல்கிறார். பாவனை நோயாளி, “சரிங்க தம்பி” என்று தலையாட்டுகிறார். பட்டியல்படி முழு மதிப்பெண். இப்போது ஆசிரியர் உரையாடலை நிறுத்தி, மாணவரை இப்படிக் கேட்கச் சொல்கிறார்: “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்கம்மா?” “வலி வர்ற அன்னிக்கெல்லாம் ஒண்ணு போட்டுக்குவேன்” என்கிறார் அவர். தான் சொன்னது எங்கே சென்று சேரவில்லை என்பது மாணவருக்கு அப்போதுதான் தெரிகிறது. அதே உரையாடலை உடனே மறுபடி தொடங்கலாம். கிழமையைக் குறித்துக் கொடுக்கலாம். வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் பேசலாம்.

மருத்துவமனை வார்டில் உண்மையான நோயாளிகள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். வார்டு அனுபவத்துக்கு ஈடில்லைதான். ஆனால் அங்கே பிழைக்கு விலை கொடுப்பவர் நோயாளி. உரையாடலைப் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கவும் முடியாது. சக மாணவரையே நோயாளியாக்கினால் செலவு குறையும். எனினும் பாடம் தெரிந்தவரால் தெரியாதவரின் குழப்பத்தை எளிதில் காட்ட முடியாது. எனவே கல்லூரியைச் சுற்றி வாழும் வெவ்வேறு வயதினரை, வெவ்வேறு தொழில் செய்வோரைத் தேர்ந்து, பயிற்சியும் ஊதியமும் தர வேண்டும். கேட்டாலொழிய வெளிவராத ஒரு தகவலேனும், உதாரணமாக நாட்டு மருந்தோ விரதமோ, அவர்கள் நடிக்கும் ஒவ்வொரு கதையிலும் இருக்க வேண்டும்.

மதிப்பீடும் மாற வேண்டும். நோயாளி தம் சொற்களில் திருப்பிச் சொல்வதற்கே அதிக மதிப்பெண் ஒதுக்க வேண்டும். மருந்தைச் சரியாக உட்கொள்ள வேண்டியவர் அவர். மாணவரின் திறமையை அளக்க அவருடைய புரிதலைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.