பெங்களூரில் விளக்கப்பட்ட ஒளியும் நிலத்தடி வெப்பமும்

ராமன் விளைவு என்றதும் கல்கத்தாவும் 1928 பிப்ரவரி 28-ஆம் நாளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், அக்கண்டுபிடிப்பைச் சி.வி. ராமன் விரிவாக எடுத்துரைத்தது மார்ச் 16 அன்று, பெங்களூரில், தென்னிந்திய அறிவியல் சங்கக் கூட்டத்தில். ‘ஒரு புதிய கதிர்வீச்சு’ என்னும் அவ்வுரையே அச்சேறி உலக அறிஞர்களைச் சென்றடைந்தது.

ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளி மிக மங்கலானது. லேசரும் கண்ணாடி ஒளியிழையும் வந்தபின், 1980-களில், அதுவே வெப்பமானியாயிற்று. இழையினுள் செலுத்தும் லேசர்த் துடிப்பில் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறித் திரும்புகிறது. அலைநீளம் குறைந்து திரும்பும் ஒளி வெப்பம் ஏற ஏற வலுக்கும். கூடித் திரும்புவது அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதம் வெப்பநிலையைக் கூறும். திரும்பிவர எடுத்த நேரம் இடத்தைக் கூறும்: மீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோ நொடி. மின்னணுக் கருவிகள் தாங்காத புவிவெப்பக் கிணறுகளிலும், புதைக்கப்பட்ட உயரழுத்த மின்வடங்களிலும் இன்று இவ்விழையே காவல் காக்கிறது.

ராமன் இப்பயனைத் தேடிப் புறப்படவில்லை. கடல் ஏன் நீலம் என்ற வினாவிலிருந்து தொடங்கினார். உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்கு நிதி என்போர், பயன்பட அரை நூற்றாண்டு காத்திருந்த இவ்வொளியை எண்ணிப் பார்க்கட்டும்.