முத்திரை உணர்த்தும் வரலாறு: பிரான்சின் வெள்ளிப் பாத்திரங்கள்

சமூக வரலாற்றை ஆராய்வோருக்குச் சாசனங்களும் ஏடுகளும் மட்டுமன்றி உணவு மேசைக் கரண்டியும் சான்றாகலாம். பிரான்சின் பழைய மேசைப் பாத்திரங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவற்றுள் முழு வெள்ளி எது, வெள்ளி முலாமிட்டது எது என்பதைத் தோற்றத்தைக் கொண்டு மட்டும் துணிதல் அரிது. அவற்றிற் பொறிக்கப்பட்ட முத்திரைகளே அதனைத் தெளிவாக உணர்த்துகின்றன.

புரட்சிக் காலத்தில், 1791இல், கைவினைச் சங்கங்கள் ஒழிக்கப்பட்டமையால் பழைய முத்திரை முறை நிலைகுலைந்தது. 1797ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அரசின் பொறுப்பாக மீள ஒழுங்கமைத்தது. வெள்ளிக்கு ஆயிரத்தில் 950, 800 என இரு தரங்கள் விதிக்கப்பட்டன. வெள்ளி செய்வோர் தம் குறியைச் சாய்சதுரத்தினுள்ளும், முலாம் செய்வோர் சதுரத்தினுள்ளும் பொறித்தல் வேண்டுமென வகுக்கப்பட்டது. 1838 முதல் மினேர்வா தேவியின் தலை அரச முத்திரையாயிற்று. அதனருகேயுள்ள 1, 2 என்னும் எண்கள் முறையே அவ்விரு தரங்களையும் குறித்தன. முதற்றரம் 1973இல் 925 ஆக மாற்றப்பட்டது. எனினும், மினேர்வா இல்லாமை ஒன்றே முலாமுக்குச் சான்றாகாது; 1838க்கு முற்பட்ட வெள்ளி வேறு முத்திரைகளைத் தாங்கியது.

முலாமின் பெருக்கத்திற்கு மின்முலாமிடல் வழிகோலியது. சார்ள்ஸ் கிறிஸ்தோபிள் 1842இல் அதன் உரிமையைப் பிரான்சிற் பெற்றார். அதன்பின் வெள்ளியின் தோற்றம் நடுத்தர வகுப்பினரின் மேசைக்கும் எட்டியது. பிரெஞ்சு முலாம் கரண்டிகளிற் காணப்படும் 84 என்ற எண்ணைத் தூய்மையின் அளவாகக் கொள்வது தவறு. ஒரு டசின் கரண்டி முட்கரண்டிச் சோடிகளின்மீது படிவிக்கப்பட்ட வெள்ளியின் கிராம் நிறையே அது.

இவ்வேறுபாடு விலையோடு மட்டும் நின்றுவிடவில்லை. போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி 1689இல் வேர்சாய் மாளிகையின் வெள்ளித் தளபாடங்களை உருக்குவித்தான். ஒப்பற்ற கலைப்படைப்புகள் நாணயமாகி மறைந்தன. மூன்றாம் நெப்போலியனோ நூறு பேருக்கான தன் அரச விருந்து மேசையின் அலங்காரத் தொகுதியைக் கிறிஸ்தோபிளிடம் முலாமிலேயே செய்வித்தான். 1871இல் துயிலறி மாளிகை எரிந்தபோது சிதைவுற்றும் எஞ்சிய அதன் பகுதிகள் பாரிசின் அலங்காரக் கலை அரும்பொருளகத்தில் உள்ளன.

உலோகத்தின் பெறுமதியே கலைப்பொருளின் அழிவுக்குக் காரணமாதலும் உண்டென்பதை இவை உணர்த்துகின்றன. ஆதலின், முத்திரையைக் கொண்டு வெள்ளியை அறிந்தபின்னரும் அப்பொருளின் வரலாற்றுப் பெறுமதியைத் தனியே மதிப்பிடுதல் நம் கடனாகும்.