பள்ளிகொண்டவர் யாருடைய மார்க்?

கொலுவுக்கு வாங்கிய பள்ளிகொண்ட பெருமாள் பொம்மையின் கொப்பூழிலிருந்து தாமரைத் தண்டு கிளம்பி, அதன்மேல் பிரம்மா உட்கார்ந்திருந்தால் அது திருவட்டாற்றுப் பெருமாள் அல்ல. பெட்டியின்மேல் ஆதிகேசவன் என்று அச்சிட்டிருந்தாலும் அல்ல. நாபிக்கமலம் திருவனந்தபுரத்துப் பத்மநாபனுக்கு உரியது. ஆதிகேசவன் அது இல்லாமல் மேற்கு நோக்கிக் கிடக்கிறான். மூன்று வாசல் வழியாகத்தான் முழுமேனியையும் பார்க்க முடியும். 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரைக் கலவையால் வடித்த மேனி என்பது கோயில் வழக்கு. அதனால் மூலவருக்கு அபிஷேகமும் கிடையாது. திருவாங்கூரின் தொல்லியல் துறையில் இருந்த து. அ. கோபிநாத ராவ் 1914-இல் வெளியிடத் தொடங்கிய இந்து உருவவியல் நூலில், கிடந்த கோலத்தையே யோகம், போகம், வீரம், அபிசாரிகம் என்று நான்காகப் பிரித்துக் காட்டினார். உடன் இருப்பவர் யார், யார் இல்லை என்பதை வைத்தே இது இன்ன திருமேனி என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு சரக்கை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைத்தான் இன்றைய வணிக முத்திரையும் செய்கிறது. ஆனால் சிற்ப மரபின் அடையாளங்களுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இருந்ததில்லை. இலக்கணம் தெரிந்த எந்தத் தச்சரும் எந்த ஊரிலும் அதை வடிக்கலாம். திருவட்டாற்றைக் குறிக்கும் வாட்டாறு என்ற ஊர்ப்பெயரோ நம்மாழ்வார் பாசுரத்திலேயே இருக்கிறது. எந்தப் பதிவேட்டையும்விடப் பழைய பெயர்.

சாமி உருவம் ஒருவருடைய மார்க் ஆகலாம் என்ற எண்ணம் கோயிலிலிருந்து வரவில்லை, துணி மூட்டையோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரிலிருந்து இறங்கிய துணிகளில் வண்ண லேபிள் ஒட்டியிருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே சரக்கை அடையாளம் கண்டார்கள். அந்த லேபிள்களில் லட்சுமியும் கிருஷ்ணனும் இடம்பிடித்தார்கள். ஒருவர் லேபிளை இன்னொருவர் ஒட்டினால் வழக்கு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1889-இல் சரக்கு முத்திரைச் சட்டம் வந்ததும் இந்தச் சூழலில்தான். திருவாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது கதை வேறு பக்கம் திரும்பியது. அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டரிலும் சோப்பு விளம்பரத்திலும் ஏறினார்கள். ஜெர்மனியில் பீங்கான் பொம்மைகளாக வார்க்கப்பட்டு இங்கே திரும்பி வந்து, செட்டிநாட்டு வீடுகள்வரை போய்ச் சேர்ந்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்று அதிக விலை கொடுத்துத் தேடுவது அந்தப் பொம்மைகளைத்தான். படத்தின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் அச்சகத்துக்கே உரியது. மேலே நின்ற தேவியையோ யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிடித்து நிறுத்தியிருந்தால் தமிழ்நாட்டுப் பூஜையறைகளில் பாதிக்குப் படமே இருந்திருக்காது.

சுதந்திர இந்தியாவின் சட்டமும், மார்க் வேறு தெய்வ உருவம் வேறு என்ற இந்தப் பாகுபாட்டை நோக்கித்தான் தயங்கித் தயங்கி நகர்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய முத்திரையைப் பதியக்கூடாது என்கிறது. ஆனாலும் ஆற்றுக்கால் பகவதி கோயில் அறக்கட்டளை தேவியின் படத்தையும் ‘பெண்களின் சபரிமலை’ என்ற அடைமொழியையும் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. அதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. ஐதீகப்படி அந்தப் பகவதி கண்ணகி. சிலம்பை விற்கப் போனவனின் மனைவிக்கு இப்படியும் ஒரு வியாபார வழக்கு வாய்த்திருக்கிறது. பிறகு 2015-இல் உச்ச நீதிமன்றம், ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு அதை மறுத்தது. புனித நூலின் பெயர் ஒருவருக்கே சொந்தமாக முடியாது என்றது. அந்தப் பெயரைப் பல வியாபாரிகள் ஏற்கெனவே பயன்படுத்திவந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஊதுபத்திக்குச் சொன்ன நியாயம் பொம்மைக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். ஆதிகேசவன் என்ற பெயரும் கிடந்த கோலமும் பலர் புழங்கும் பொதுவழி. அதில் வேலி போட ஒருவருக்கும் பாத்தியதை இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரிமையே இல்லையென்றால் அச்சில் வார்த்த மலிவு ரெசின் பொம்மை, உளி பிடித்தவரின் வயிற்றில் அடிக்காதா? அடிக்கும், அடித்துக்கொண்டும் இருக்கிறது. ஆனால் உருவத்துக்குப் பூட்டுப் போட்டால் அந்தச் சாவி உளிக்காரர் கைக்கு வராது. பதிவுக் கட்டணமும் வக்கீல் செலவும் தாங்கக்கூடிய கம்பெனியின் கைக்குத்தான் போகும். தஞ்சாவூர் பொம்மையும் சுவாமிமலைப் படிமங்களும் நாகர்கோவில் கோயில் நகைகளும் பெற்ற புவிசார் குறியீடு வேறு வழியைக் காட்டுகிறது. வடசேரியில் செய்யும் அந்த நகையில் மாங்காய் மாலையின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. ‘நாகர்கோவில்’ என்று சொல்லி விற்கும் உரிமை மட்டும் அங்கே செய்கிறவர்களுக்கு. அந்தக் குறியீட்டை மற்றவருக்கு விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது என்று புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுத்திருப்பது அதன் பெரிய பலம். எந்த ஊர் என்று சொல்லுமே தவிர எந்தக் கை என்று சொல்லாது என்பது அதன் குறை. மோசமான வேலைக்கும் அதே முத்திரைதான். இன்னொரு மறுப்பு கோயில் நிர்வாகங்களுடையது: போலிகள் கோயில் பெயரைச் சொல்லி விற்கிறார்களே என்பது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று திருவட்டாற்றில் குடமுழுக்கு நடந்தது; அப்படியொரு நிகழ்வை ஒட்டி ‘கோயில் வெளியீடு’ என்று ஒருவர் பொய்யாகப் பொம்மை விற்றால், அது ஏமாற்று. ஏமாற்றைத் தடுக்கப் பொதுச்சட்டமே போதும். அதற்காகப் பெருமாளின் திருமேனியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை.

வடித்தவர் யாரென்று தெரிந்த புதிய உருவம் என்றால் கணக்கு மாறும். கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர், கணபதி ஸ்தபதியின் கற்பனை. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படம் வரையலாம், புகைப்படம் எடுக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. முப்பரிமாணப் படியை அந்த விலக்கில் அது சேர்க்கவில்லை. கன்னியாகுமரியில் சங்கும் சோழியும் விற்கும் கடைகளில் அடுக்கியிருக்கும் சிறு வள்ளுவர் சிலைகளை அந்த வாசகத்தை வைத்துப் பார்த்தால் கேள்விக்கு இடமுண்டு. சிறு பட்டறைக்காரருக்கே சொந்தமான புதுப் பொம்மை வடிவத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. டிசைனாகப் பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படி எடுத்துவிட்டால் அதற்கான பதிப்புரிமை போய்விடும். தான் உண்டாக்கிய வடிவத்தை 51-ஆவது பொம்மையில் அவர் இழக்கிறார். வள்ளுவர் விஷயத்தில் அரசு வழி செய்யலாம்: குமரி மாவட்டப் பட்டறைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் உரிமம் கொடுத்து, பீடத்தின் அடியில் செய்தவர் பெயரையும் ஊரையும் பொறிக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்தால் போதும்.