அதிகாரத்தின் சினம்: 1954 மார்த்தாண்டம் துப்பாக்கிச் சூடும் அதன் அரசியல் விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

1954 ஆகஸ்டு 11 அன்று விளவங்கோடு வட்டத்தின் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்ட வரலாற்றில் இந்நிகழ்வு ஈகத்தின் அடையாளமாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை ஆள்வோரின் வெகுளி என்னும் நோக்கில் அணுகுகிறது. எல்லைத் தீர்ப்பை இந்த நிகழ்வு எவ்வளவு பாதித்தது, சுட்ட அரசையும் அதன் கட்சியையும் எவ்வளவு பாதித்தது என்னும் இரு வினாக்களைப் பிரித்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மார்த்தாண்டம், புதுக்கடை, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி, பட்டம் தாணுப்பிள்ளை, லோகியா, வெகுளாமை.

முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், குழித்துறையை அடுத்து அமைந்த சந்தை ஊர் மார்த்தாண்டம். தொடுவெட்டி என்னும் பழைய பெயர் இன்றும் அவ்வட்டார மக்களின் நாவில் வழங்குகிறது. மலைச்சரிவு விளைபொருளும் கடற்கரை மீனும் வந்து சேரும் இச்சந்தை, சுற்றுப்புறச் சிற்றூர்கள் அனைத்திற்கும் பொது இடம். எந்தப் போராட்டமும் மக்கள் கூடும் இடத்தையே நாடும் என்பதால், தமிழர் இயக்கத்தின் முக்கியமான நாள் ஒன்று இவ்வூரில் நிகழ்ந்தது வியப்பன்று.

அந்நாளைப் பற்றிய எழுத்துகள் இரு வகையின. ஒரு வகை, உயிர் நீத்தோரைப் போற்றுவது. மற்றொரு வகை, மாநில எல்லை மாற்றத்திற்கு அந்நாளையே காரணமாகக் காட்டுவது. முதலாவது கடமை. இரண்டாவது ஆராயத்தக்க கூற்று. இவ்விரண்டிற்கும் இடையில் கேட்கப்படாது நின்ற வினா ஒன்று உண்டு: பொறுத்திருக்க வாய்ப்பிருந்தும் பொறாத அரசு அதனால் அடைந்தது என்ன?

அறநூல் நோக்கில் வெகுளி

திருக்குறளில் வெகுளாமை 31ஆம் அதிகாரம். அது துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளதால், சினம் தனிமனித ஒழுக்கம் சார்ந்தது என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். ஆயினும் அவ்வதிகாரத்தின் முதற்குறளே அதிகாரத்தைக் கருதியது. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனை அடக்குபவனே உண்மையில் சினத்தை அடக்கியவன் என்பது அதன் கருத்து. வலியவர் முன் எளியவன் அடங்கியிருப்பது பொறுமையாகாது. பிறரைத் தண்டிக்கும் ஆற்றல் உள்ளவனிடமே பொறுமைக்குப் பொருள் உண்டு. பொருட்பாலில் 57ஆம் அதிகாரமான வெருவந்த செய்யாமை இக்கருத்தை ஆட்சியோடு இணைக்கிறது. ஆள்பவரின் கடுமை குடிகளை வருத்துவதோடு நில்லாமல் ஆள்பவரின் வலிமையையும் குறைக்கும் என்பது அதன் சாரம்.

இவ்விரு கருத்துகளும் இக்கட்டுரைக்கு அளவுகோல்கள். ஓர் ஆட்சியாளரின் மனநிலையை ஆவணங்கள் காட்டா. அவரது அரசு செய்த செயல்களின் வரிசையையே அவை காட்டும். தடை, கைது, சூடு, விலக மறுத்தல் என்னும் வரிசையிலிருந்தே இங்கு வெகுளி என்னும் சொல் பெறப்படுகிறது.

போராட்டத்தின் பின்புலம்

திருவிதாங்கூரின் தென்கோடியில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினர். ஆட்சி, நீதி, கல்வி ஆகியவற்றில் மலையாளம் மேலோங்கியதால் எழுந்த மனக்குறை 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தனி அமைப்பாக உருப்பெற்றது. அதுவே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப்பட்டது. பள்ளியாடியில் பிறந்து நாகர்கோவிலில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற ஏ. நேசமணி அதன் தலைமைக்கு வந்தபின் இயக்கம் பரவலான மக்கள் ஆதரவைப் பெற்றது.

விளவங்கோடு வட்டம் குண்டடியை முதன்முதலில் கண்டது 1954இல் அன்று. 1948 பிப்ரவரியில் மங்காட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, தமிழ் வட்டங்களின் விருப்பம் பொருட்படுத்தப்படவில்லை. எனினும் இயக்கம் தேர்தல் பாதையைக் கைவிடவில்லை. முதல் பொதுத்தேர்தலில் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மக்களின் சினம் வாக்காக மாறியிருந்த காலம் அது. அச்சினத்திற்குச் செவிசாய்க்கும் வாய்ப்பு திருவனந்தபுரத்திற்கு இருந்தது.

இதற்கிடையில் நாடு முழுவதும் மொழிவழி மாநிலக் கோரிக்கை வலுத்தது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பில் உயிர் நீத்ததும், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1953 டிசம்பர் இறுதியில் நடுவண் அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. பசல் அலி தலைவர்; எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் உறுப்பினர்கள். எல்லை பற்றிய தீர்ப்பு விரைவில் வரும் என்னும் நிலை, கோருவோர் மறுப்போர் ஆகிய இரு தரப்பிலும் பரபரப்பை மிகுவித்தது.

சிறுபான்மை அமைச்சரவையின் பதற்றம்

1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தின் 117 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் 45 இடங்களும் கம்யூனிஸ்டுக் கட்சி 23 இடங்களும் பிரஜா சோசலிஸ்டுக் கட்சி 19 இடங்களும் பெற்றன. தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. 19 உறுப்பினரே கொண்ட பிரஜா சோசலிஸ்டுக் கட்சி, காங்கிரசின் வெளி ஆதரவோடு மார்ச் 16 அன்று ஆட்சி அமைத்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சரானார்.

அடக்குமுறையைத் தாமே அனுபவித்தவர் அவர். 1938இல் திருவிதாங்கூர் அரசியல் மாநாட்டுக் கட்சியான ஸ்டேட் காங்கிரசின் தலைவராக, பொறுப்பாட்சி கோரித் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசை எதிர்த்துச் சிறை புகுந்தார். அவர் கைதான சில நாள்களில், ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நெய்யாற்றின்கரையும் மார்த்தாண்டமும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர்கள். குண்டுகளை எதிர்த்து வளர்ந்த தலைவரின் ஆட்சியில் அதே சாலையில் 16 ஆண்டுகளுக்குப் பின் குண்டுகள் பாய்ந்தன.

இந்த முரணை ஒருவரின் குணக்கேடாக மட்டும் காண்பது எளிய விளக்கம். ஆட்சியின் அமைப்பும் இதில் பங்கு கொண்டது. பிறர் தயவில் நிற்கும் அமைச்சரவைக்கு விட்டுக்கொடுத்தல் தோல்வியாகத் தெரிந்தது. மாநிலத்தின் பரப்பைக் காப்பவராகக் காட்டிக்கொள்ளாத முதலமைச்சர் மலையாளப் பகுதிகளின் ஆதரவை இழக்க நேரிடும். வலுவற்ற அரசு உறுதியைக் காட்ட முனையும்போது கடுமையே அதற்கு முதலில் கைக்கு எட்டுகிறது.

ஆகஸ்டு 11

போராட்டத்தின் முனை 1954 கோடையில் மலைப்பகுதிக்கு நகர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் இயக்கத்தை ஆதரித்தனர். அங்குக் கூட்டங்கள் தடை செய்யப்பட்டன. ஆகஸ்டுத் தொடக்கத்தில் நேசமணியும் உடன் சென்ற தலைவர்களும் தடையை மீறிக் கைதாயினர். தெற்கே நான்கு வட்டங்களிலும் இச்செய்தி கொதிப்பை உண்டாக்கியது. ஆகஸ்டு 11 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என இயக்கம் அறிவித்தது.

தலைவர்களைச் சிறையில் அடைத்ததன் விளைவு இங்குக் கருதத்தக்கது. கூட்டத்தைத் திரட்ட வல்லவர்களே அதனை அமைதிப்படுத்தவும் வல்லவர்கள். அவர்களை அகற்றியபின் எஞ்சுவது வழிநடத்துவோர் இல்லாத மக்கள் திரளும், அதன் எதிரே துப்பாக்கி ஏந்திய காவலரும் மட்டுமே. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அன்று ஊர்வலங்கள் புறப்பட்டன, காவல்துறை சுட்டது, உயிர்கள் பலியாயின, பலர் காயமுற்றனர். தொடர்ந்து பெருமளவில் கைதுகள் நிகழ்ந்தன. கூட்டத்தின் வன்முறையே சூட்டிற்குக் காரணம் என்பது அரசின் நிலை. அறவழியில் திரண்ட மக்கள் மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் என்பது இயக்கத்தின் நிலை. கூட்டத்தில் சினம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும் இரு சினங்களும் ஒரே எடையின அல்ல. சந்தைக்கு வந்தவரின் சினத்திற்குச் சட்டம் தண்டனை வைத்திருந்தது. காவலரின் சினத்திற்கு அரசு நியாயம் கற்பித்தது.

கட்சிக்குள் எழுந்த கேள்வி

சூட்டின் அதிர்வு மிக வலிமையாக எழுந்த இடம் உத்தரப்பிரதேசத்தின் நைனிச் சிறை. பிரஜா சோசலிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, பாசன வரி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி அங்கு இருந்தார். ஆயுதமற்ற மக்கள் மீது சுட்ட அமைச்சரவை பதவி விலக வேண்டும், நிகழ்வு குறித்து விசாரணை வேண்டும் என அவர் வற்புறுத்தினார். தம் கட்சிக்கு இந்தியாவில் வாய்த்த ஒரே அமைச்சரவை அது என்பதை அறிந்தே அவர் அவ்வாறு கோரினார். அடிமை அரசின் குண்டும் சோசலிச அரசின் குண்டும் வேறல்ல என்றால், ஆட்சி மாற்றத்திற்குப் பொருளில்லை என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

பட்டம் தாணுப்பிள்ளை விலக மறுத்தார். ஒவ்வொரு காவல் நடவடிக்கைக்கும் அமைச்சரவை விலகினால் ஆட்சி நடவாது என்பது அவரை ஆதரித்தோரின் மறுமொழி. இவ்வாதம் முற்றிலும் பொருளற்றது அன்று. 1954 நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சியின் சிறப்பு மாநாடு, பெரும்பான்மை வாக்கால் லோகியாவின் நிலையை ஏற்க மறுத்தது. ஆயினும் பிளவு மூடவில்லை. லோகியா பொதுச்செயலாளர் பொறுப்பைத் துறந்தார். மறு ஆண்டில் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு, ஆண்டிறுதியில் ஐதராபாத்தில் தனிக் கட்சி தொடங்கினார். இந்தியச் சோசலிச இயக்கம் 1952இல் பெற்ற ஒற்றுமை மூன்று ஆண்டுகளில் சிதைந்தது.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. லோகியாவின் சொல்லில் இருந்த கடுமையையும் அவசரத்தையும் அவருடைய தோழர்கள் குறையாகக் கண்டனர். கொள்கைச் சினமும் கட்சியைப் பிளந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சினம் எவர் உயிரையும் பறிக்கவில்லை. அதனால் பறிபோனது அவருடைய சொந்தப் பதவியே.

அமைச்சரவையும் நிலைக்கவில்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரசின் ஆதரவு விலகியது. பட்டம் அமைச்சரவை வீழ்ந்தது. பனம்பிள்ளி கோவிந்தமேனன் முதலமைச்சரானார். சட்டமன்றத்தில் 12 இடங்கள் கொண்டிருந்த தமிழ்நாடு காங்கிரஸ் இயல்பாகவே பட்டத்தின் எதிர்வரிசையில் நின்றது. பதினொரு மாதங்களுக்கும் குறைவான ஆட்சி அது.

எல்லை மாறியதன் காரணம்

மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை அளித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர வேண்டும் என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நிற்க வேண்டும் என்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

இத்தீர்ப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தென் வட்டங்களை ஆணையம் சென்னைக்குப் பரிந்துரைத்தது மக்கள்தொகைக் கணக்கின் மொழிப் பெரும்பான்மையை ஒட்டியே. மலை வட்டங்களில் தோட்டத் தொழிலாளரின் இடப்பெயர்வும் பொருளியல் காரணங்களும் மொழிக் கணக்கை விஞ்சின. அரசு சுட்டதால் நான்கு வட்டங்கள் கிட்டின என்பதும், சுட்டதால் கேரளம் மலை வட்டங்களைக் காத்தது என்பதும் பொருந்தா. துப்பாக்கிச் சூடு எல்லைக்கோட்டை அசைத்ததற்கு ஆணைய முடிவில் சான்றில்லை. அந்நிகழ்வு இல்லாதிருந்தாலும் விளவங்கோடு தமிழ்நாட்டில் சேர்ந்திருக்கும் என்று கொள்வதே தக்கது. அவ்வாறாயின் அன்று போன உயிர்கள் எவருக்கும் தேவைப்படாத இழப்புகள் ஆகின்றன. இவ்வுண்மை ஈகத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. சுட்டோரின் பொறுப்பையே மிகுவிக்கிறது.

சமகால ஒப்பீடு

இதே காலத்தில் மொழிக் கோரிக்கையைத் துப்பாக்கியால் எதிர்கொண்ட வேறோர் அரசும் உண்டு. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில், வங்காள மொழிக்கு உரிமை கோரிய மாணவர் மீது காவல்துறை சுட்டது. 1954 மார்ச்சில் கிழக்கு வங்காளத் தேர்தலில் ஆளும் முஸ்லிம் லீக் படுதோல்வி அடைந்தது. 1956 அரசமைப்பில் வங்காளம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. மறுக்கப்பட்ட கோரிக்கை நான்கு ஆண்டுகளில் ஏற்கப்பட்டது.

கேரளமும் மீண்டும் இவ்வனுபவத்தைக் கண்டது. 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் கம்யூனிஸ்டு ஆட்சியின் காவல்துறை சுட்டதில் எழுவர் இறந்தனர். அவ்வாட்சிக்கு எதிராக வளர்ந்திருந்த கிளர்ச்சி மேலும் மூண்டது. ஜூலை 31 அன்று அமைச்சரவை நீக்கப்பட்டது. அக்கிளர்ச்சியில் பிரஜா சோசலிஸ்டுக் கட்சியும் பங்கு கொண்டது. 1954இல் சூட்டை நியாயப்படுத்திய கட்சி, ஐந்து ஆண்டுகளில் சூட்டைக் கண்டிக்கும் அணியில் நின்றது. 1960இல் பட்டம் தாணுப்பிள்ளை மீண்டும் முதலமைச்சரானார். ஆதலால் தனிமனிதரின் அரசியல் வாழ்வு அந்நிகழ்வோடு முடியவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

முடிவுரை

மார்த்தாண்டம் நிகழ்வின் விளைவுகளை எண்ணிப் பார்க்கையில், அரசு காக்க விரும்பிய எதுவும் அதனால் காக்கப்படவில்லை. நான்கு வட்டங்கள் பிரிந்தன, அமைச்சரவை வீழ்ந்தது, கட்சி பிளந்தது. ஓராண்டுக்குச் சற்று மேலாகப் பொறுத்திருந்தால் ஆணையத்தின் அறிக்கை குருதியின்றி விடையளித்திருக்கும். சினம் பலிக்கும் இடத்தில் அதனை அடக்குதல் என்னும் குறள் நெறி, அறவுரை என்பதோடு அரசியல் அறிவாகவும் நிற்பதை 1954 உணர்த்துகிறது.

மார்த்தாண்டத்தில் இன்று நேசமணியின் பெயரைத் தாங்கிய கல்லூரி இயங்குகிறது. சந்தையும் நெடுஞ்சாலையும் அதே இடத்தில் உள்ளன. அங்கு உயிர் நீத்தோரை வெற்றிக்குக் கொடுத்த விலையாகக் கணக்கிடும் வழக்கம் மாற வேண்டும். எல்லைக் கணக்கில் அவ்விலை கேட்கப்படவே இல்லை. தலைவர்களைச் சிறையிலிட்டுவிட்டு மக்கள் முன் துப்பாக்கியை நிறுத்திய ஆட்சியின் பொறாமையே அவர்களைக் கொன்றது என எழுதுவதுதான் அவர்களுக்கு வரலாறு செலுத்தும் நேர்மையான மரியாதை.