மலைநாட்டில் தொற்றுநோய்த் தடுப்பும் ஊழியர் பயிற்சியும்

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும் நோய் வாராமற் காத்தல் சிறந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயினும், அக்காவலைச் செய்தோர் யாவர், அதற்கு வேண்டிய கல்வியை அவர் எங்ஙனம் பெற்றனர் என்னும் வினாக்களை வரலாற்று நூல்கள் பெரிதும் எழுப்புவதில்லை. கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மாத்தளை, கம்பளை, கடுகண்ணாவை முதலிய இடங்களையும் களமாகக் கொண்டு ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மருந்தும் அறிவும் இருந்தும், அவற்றை வீடுதோறுங் கொண்டுசெல்லும் பயிற்சி பெற்ற ஊழியர் இல்லாத காலங்களில் நோயே வென்றது. அத்தகைய ஊழியர் நிறைந்திருந்த காலங்களில் நோய் பின்வாங்கியது.

இலங்கையில் அம்மை குத்துதல் 1802ஆம் ஆண்டிலே தொடங்கியது. அப்பொழுது கண்டி தனியரசாயிருந்தது. 1815இல் அவ்வரசு ஆங்கிலேயர் கைப்பட்டபின், மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையையும் கண்டியையும் நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களோடு வழிநடந்தன. வழியிலே மாண்டோர் பலர். தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி அளிக்க 1872இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இல் நிறுவப்பட்டிருந்தது. எனினும், தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் நாடோறுங் கண்ட வைத்தியர், பெரும்பாலும் மருந்து கலந்து கொடுப்பவர் ஒருவரே. அவருடைய தொழில் நோயாளிக்கு மருந்து அளித்தல். நோயின் ஊற்றை அடைத்தல் அன்று.

அக்குறையை முதன்முதல் வெளிப்படுத்தியது கொழுக்கிப்புழு என்னும் சிற்றுயிர். கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைப் பகுதித் தோட்டங்களில், அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் 1916ஆம் ஆண்டில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. இப்புழு மனிதர் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டு, நிழலும் ஈரமுமுள்ள மண்ணிற் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுட் புகும். இரத்தஞ் சோர்ந்த தொழிலாளி வெளிறி, மூச்சுத் திணறி, வேலை செய்ய இயலாதவனாவான். அவனைச் சோம்பேறி என்று பழித்தோர், அவன் குடலிலிருந்த பகைவனை அறிந்திலர்.

மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆனால், சில திங்கள் கழித்து அதே மக்களைச் சோதித்தபொழுது, பலர் மீண்டும் புழுவுடையோராய்க் காணப்பட்டனர். மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தமையே காரணம். மலசலகூடங்கள் அமைத்தாலன்றி நோய் நீங்காதென்பது தெளிவாயிற்று. அச்செலவை ஏற்கத் தோட்ட உடைமையாளர் பலர் தயங்கினர். மலசலகூடம் அமைத்த இடங்களிலும், அதனைப் பயன்படுத்தும் காரணத்தை மக்களுக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைப்போர் வேண்டியிருந்தது. ஆகவே, மாத்தளை கற்பித்த பாடம் இரண்டு: ஒன்று, மருந்து மட்டும் போதாது, மற்றொன்று, ஒரு நோயை மாத்திரம் எதிர்த்து வந்துபோகும் குழுவினும், ஓரிடத்தே நிலைத்துநின்று பல நோய்களையும் தடுக்கும் ஊழியரே வேண்டப்படுவர்.

இப்பாடத்தின் பயனாக 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின் தலைமையில் சுகாதாரப் பரிசோதகரும், பொதுச் சுகாதாரத் தாதியரும், மருத்துவிச்சிகளும் குறித்தவோர் எல்லைக்குள் பணி செய்தனர். கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்வையிடுதல், கர்ப்பிணிகளைக் கவனித்தல், பள்ளிச் சிறாரைச் சோதித்தல், தடுப்பூசி இடல் ஆகியன அவர்தம் கடமைகளாயின. புதிய ஊழியர், களத்திலேயே பழகிய ஊழியருடன் வீடுவீடாகச் சென்று தொழில் கற்றனர். களுத்துறை, நோய்த்தடுப்பு வேலைத்தலமாகவும் அதனைக் கற்பிக்குங் கல்விச்சாலையாகவும் ஒருங்கே விளங்கியது.

ஆனால், இவ்வேற்பாடு நாடு முழுதும் பரவுமுன்னரே பேரிடர் நேர்ந்தது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மகாவலி கங்கை முதலிய ஆறுகள் வற்றி, மணலிடையே குட்டைகளாய்த் தேங்கின. வெயில் படும் அத்தெளிந்த நீரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களும், கண்டியை அடுத்த தாழ்ந்த பள்ளத்தாக்குகளும் பெருந்துன்புற்றன. வழக்கமாக மழை மிகுந்த அவ்விடங்களில் மக்கள் அந்நோய்க்குப் பழகாதவர். ஆதலின் எதிர்ப்பாற்றல் அற்றவர். பொருளாதார மந்தத்தாற் பசியும் அவர்களை வாட்டியிருந்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

அக்காலத்திற் கொயினா மருந்து இருந்தது. நோயைப் பரப்பும் நுளம்பு இன்னதென்பதும் 1920களில் நிகழ்ந்த ஆய்வுகளால் அறியப்பட்டிருந்தது. இல்லாதிருந்தது யாது? ஆற்றுக்குட்டைகளை வாரந்தோறும் பார்த்து எண்ணெய் தெளிப்பவர், காய்ச்சல் கண்ட வீட்டை முதல்நாளே அறிந்து சொல்பவர், இரத்தத்துளியை உருப்பெருக்கியில் நோக்கிக் கிருமியை இனங்காண்பவர் ஆகியோர் கிராமங்களிற் போதிய தொகையில் இருந்திலர். கொடுநோயின் பின்னரே சுகாதாரப் பகுதிகளும் கிராம வைத்தியசாலைகளும் விரைந்து பெருக்கப்பட்டன.

இரண்டாம் உலகப்போரின் பின் டி.டி.டி. என்னும் நுளம்புகொல்லி வந்தது. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாயிருந்த மலேரியா நோயாளர் தொகை, 1963இல் 17 ஆகக் குறைந்தது. இவ்வெற்றியை மருந்தின் வெற்றியெனப் பலர் கருதினர். மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. 1967 முதல் நோய் மீண்டெழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றியது. மாத்தளையில் கொழுக்கிப்புழு கற்பித்த பாடத்தையே, அரை நூற்றாண்டின் பின் மலேரியா மீண்டும் கற்பித்தது எனலாம்.

இதற்கிடையே கண்டிப் பகுதியும் பயிற்சிக்கு உரிய இடமாக வளர்ந்தது. 1962இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் தொடங்கியது. கடுகண்ணாவையில் அமைந்த பிராந்தியப் பயிற்சி நிலையம், பொதுச் சுகாதார ஊழியர்க்குக் களப்பயிற்சி அளிக்கும் நிலையங்களுள் ஒன்றாயிற்று. எனினும், தோட்டங்கள் நெடுங்காலம் அரசின் சுகாதார ஊழியரது எல்லைக்குப் புறம்பாகவே இருந்தன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அந்நிலை படிப்படியாக மாறியது. அதன் பின்னும் தமிழறிந்த மருத்துவமாதர் போதாமை ஒரு பெருங்குறையாக நீடித்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ்மொழியிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கிக் காட்டினார். தாய்க்கும் சேய்க்கும் அறிவுரை கூறுபவர் அவர்தம் மொழியை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு அம்முயற்சி சான்றாகும். அச்சான்று கண்முன் இருந்தும், மலைநாட்டு லயங்களை அது சென்றடைய நெடுநாளாயிற்று.

2016ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதாரத் தாபனம் சான்றளித்தது. அச்சான்றுக்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இற் காணப்பட்டார். ஆனால், அடுத்த ஆண்டாகிய 2017இல் டெங்குக் காய்ச்சல் 1,86,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது. ஒரு நுளம்பை வென்ற நாடு மற்றொரு நுளம்பிடம் அல்லலுற்றது. வெளிநாடு சென்று திரும்புவோர் மலேரியாக் கிருமியைக் கொணர்தலும் உண்டு. இதனினும் நுட்பமான இடர் ஒன்றுளது. நோய் மறைந்த நாட்டில் அந்நோயை இனங்காணுங் கண்ணும் மறைந்துபோதல் எளிது. மலேரியா நோயாளி ஒருவரையேனும் காணாமற் பட்டம் பெறும் இளம் வைத்தியரும், கிருமியை ஒருமுறையேனும் உருப்பெருக்கியிற் பாராத ஆய்வுகூட ஊழியரும் பெருகுவராயின், 1967இன் நிகழ்ச்சி மீளாதென்று கூறவியலாது.

ஆதலின், தொற்றுநோய்த் தடுப்பிலே பயிற்சி என்பது நோயுள்ளபொழுது மட்டும் வேண்டப்படுவதன்று. நோய் நீங்கிய பின்னரே அது மிகுதியும் வேண்டப்படுவது. கரையுடைந்தபின் மண் சுமப்போரினும், கோடையிற் கரையைச் சுற்றிப் பார்ப்பவனே குளத்தைக் காக்கின்றான். கண்டி மலைச்சரிவுகளில் இன்றும் குறிப்பேட்டுடன் படியேறும் மருத்துவமாதும், வீட்டு முற்றத்துத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் சுகாதாரப் பரிசோதகரும் அத்தகைய காவலரேயாவர்.