பண்டாரநாயக்கவின் எழுச்சி: திருகோணமலையிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிண்ணியாப் பகுதியிலே, வயலையும் கடலையும் நம்பி வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர் குறிஞ்சாக்கேணி. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரமடைந்த பின்னரும் அத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே நீடித்தது. 1947 நவம்பரில் டி. எஸ். சேனாநாயக்க செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்கு வழிவகுத்திருந்தது. 1957 ஒக்டோபரில் அத்தளத்தை மீட்டது எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம். அவரை அந்நிலைக்கு உயர்த்திய சமூக சக்திகள் யாவை என்பதே ஈண்டு எழும் வினா.

பண்டாரநாயக்க மகாமுதலியார் ஒருவரின் மைந்தர், ஒக்ஸ்போர்டிலே கற்றவர், 1926இல் இலங்கைக்குச் சமஷ்டியே உகந்ததென எழுதியவர். 1951இல் அவர் நிறுவிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, 1952 தேர்தலில் ஒன்பது ஆசனங்களையே பெற்றது. 1956இலோ அவரது மக்கள் ஐக்கிய முன்னணி 95 ஆசனங்களில் 51ஐ வென்றது. இடைப்பட்ட நான்காண்டுகளில் மாறியது தலைவரின் ஆளுமையன்று, வர்க்கங்களின் நிலையே.

1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகள் தலைமையில் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூட நேர்ந்தது. டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். எனினும் அவ்வெழுச்சியை இடதுசாரிகள் மாற்று ஆட்சியாக வளர்த்தெடுத்தாரல்லர். அதன் பயனைக் கொண்டது பிக்கு, சுதேச வைத்தியர், சுயபாஷை ஆசிரியர் ஆகியோரைக் கொண்ட கிராமியக் குட்டி முதலாளித்துவமே. ஆங்கிலம் கற்ற சிறுபான்மையினரின் ஆதிக்கத்துக்கெதிரான சுயபாஷைக் கோரிக்கை நியாயமானது. 1944இல் அரசாங்க சபை சிங்களம், தமிழ் ஆகிய இரண்டையுமே ஏற்றிருந்தது. 1956 ஜூனில் அது தனிச் சிங்களச் சட்டமாகக் குறுகியது.

அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையிலே மாநாடு கூடியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. 1958 ஏப்ரலில், தம்மை உயர்த்திய அதே பிக்குமாரின் நெருக்குதலால், பண்டாரநாயக்க அதனைக் கைவிட்டார். அவ்வாண்டின் நெற்காணிச் சட்டம் வாரத்துக்கு உழும் விவசாயிக்குப் பாதுகாப்பளித்தது. ஆயின் குறிஞ்சாக்கேணி உழவனுக்கு அவ்வுரிமையை வழங்கிய அரசின் மொழி அவன் மொழியன்று. தமிழும் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1959 செப்டம்பரில் பிக்கு ஒருவரின் துப்பாக்கிக்குப் பண்டாரநாயக்க இரையானார். தலைவனை உயர்த்தும் சக்தியே அவனது எல்லையையும் வரைகிறது. துறைமுகத்திலிருந்து அந்நியக் கொடியை இறக்கிய தேசியம், அதன் கரையில் உழுதவனையும் மீன்பிடித்தவனையும் சமமாக அணைத்துக்கொள்ள இயலாது போனமைக்குக் காரணம் தனிமனிதரின் நல்லெண்ணக் குறைவு மட்டுமன்று. உழைப்போரை மொழி கடந்து இணைக்கவல்ல இயக்கம், வாய்த்த தருணத்தைத் தவறவிட்டமையுமாகும்.