மினமாட்டாப் பூனைகளின் சாட்சியம்

கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை இழுபடும் காலைப் பொழுதில் நிற்போர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். வலையின் மடி கரையேறும் முன்னரே பூனைகள் வந்து கூடிவிடும். வியாபாரி விலை பேசத் தொடங்குமுன், சிதறி விழும் சூடையும் கீரியும் நெத்தலியும் அவற்றின் பங்காகிவிடும். எவரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்குப் 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது பொருள் என்பதைப் பள்ளியில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும்.

அப்படிப்பட்ட பூனையொன்று ஒரு நாள் தள்ளாடி நடக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சுழன்று சுழன்று விழுகிறது. நாம் என்ன செய்கிறோம்? "விசர் பிடித்துவிட்டது" என்று கூறித் தடியைத் தேடுகிறோம். அந்த அச்சம் காரணமற்றதன்று. நீர்வெறுப்பு நோய் நாயினால் மட்டுமன்றிப் பூனையினாலும் மனிதனைத் தொற்றும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆனால், தள்ளாட்டம் எல்லாம் விசராகிவிடாது. காதின் உட்புற நோயும், தலையில் பட்ட அடியும், எலிக்கு வைத்த நஞ்சும் பூனையை அவ்வாறே ஆட்டுவிக்கும். வேறொரு காரணமும் உண்டு. அதைக் கண்டறிவதற்கு யப்பானிய மீனவர் பெருவிலை கொடுத்தனர். கடலை நம்பி வாழும் நம்மவர் அந்த வரலாற்றை அறிந்திருத்தல் அவசியமாகும்.

கியூஷு தீவின் குமமோட்டோ மாகாணத்தில், ஷிரனுயிக் கடலோரமாக அமைந்தது மினமாட்டா. அங்குள்ள மீனவரும் நம்மவர் போன்றோரே. வலைகளைக் கடித்துக் குதறும் எலிகளுக்கு அஞ்சி அவர்கள் வீடுதோறும் பூனை வளர்த்தனர். 1950களின் முற்பகுதியில் அப்பூனைகளுக்குப் புரியாத நோயொன்று கண்டது. அவை உமிழ்நீர் வடித்தன. பின்னங்கால்கள் பின்னித் தடுமாறின. திடீரெனச் சுழன்று பாய்ந்து சுவரில் மோதின. சில கடலில் விழுந்து மாண்டன. பூனைகள் தற்கொலை செய்கின்றன என்று சிலர் பேசினர். ஊரார் அதற்குப் 'பூனையாட்ட நோய்' என்று பெயரிட்டனர். 1954 ஆகஸ்டில் உள்ளூர்ப் பத்திரிகையொன்று, மோடோ என்னும் சிற்றூரில் பூனைகள் அநேகமாக அற்றுப்போய்விட்டன என்றும், எலிகளின் தொல்லை தாங்க முடியவில்லை என்றும் செய்தி வெளியிட்டது. அச்செய்தியை நாட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை.

மோடோவுக்கு அண்மையில் ஒரு பெருந்தொழிற்சாலை இருந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ எனப் பெயர் பெற்ற அக்கம்பனி 1908இல் அங்கு கால்கொண்டது. 1932 முதல் அது அசெட்டல்டிஹைட்டு என்னும் இரசாயனத்தைத் தயாரித்தது. அத்தயாரிப்பில் பாதரசச் சேர்மம் ஊக்கியாகப் பயன்பட்டது. யுத்தத்துக்குப் பின் பிளாஸ்டிக் தொழில் வளர வளர உற்பத்தியும் பெருகியது. கழிவுநீர் ஹியக்கென் துறைமுகத்தினூடாக விரிகுடாவிற் கலந்தது. கடல் கெடுகிறது என்று மீனவர் முறையிட்டது புதிதன்று. 1926இலும் 1943இலும் கம்பனி அவர்களுக்குப் பணம் கொடுத்து வாயை அடைத்திருந்தது. நகரின் வேலையும் வரியும் தொழிற்சாலையையே நம்பியிருந்தன. அதை எதிர்த்துப் பேசுவது ஊரை எதிர்த்துப் பேசுவதாகக் கருதப்பட்டது.

1956 ஏப்ரலில் 5 வயதுச் சிறுமியொருத்தி அத்தொழிற்சாலையின் வைத்தியசாலைக்கே கொண்டுவரப்பட்டாள். நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, வலிப்புக் கண்டது. சில நாட்களில் அவளது தங்கைக்கும் அதே நிலை. வைத்தியசாலையின் தலைவர் ஹொசொக்காவா ஹஜிமே, மே 1ஆம் தேதி, காரணம் தெரியாத நரம்பு நோயொன்று பரவுகிறது என்று சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார். மினமாட்டா நோய் உத்தியோக பூர்வமாக அறியப்பட்ட நாள் அதுவே. ஆனால், பூனைகள் அதனை ஈராண்டுக்கு முன்னரே அறிவித்திருந்தன!

தொற்றுநோய் என்ற சந்தேகத்தால் நோயாளர் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்களின் வீடுகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. கடைக்காரர் அவர்களது காசைக் கையால் வாங்கத் தயங்கினர். நோயுற்றவன் வெட்கி ஒளிந்தான். குற்றம் புரிந்தவனோ மதிப்போடு உலாவினான். வறியவனின் நோய்க்கு அவனுடைய அழுக்கையும் அறியாமையையும் காரணம் காட்டுவது எந்நாட்டிலும் எளிதல்லவா?

உண்மையைத் தேடியவர்களும் இருந்தனர். 1957இல் சுகாதார நிலையத் தலைவர் இத்தோ ஹசுவோ, நோயற்ற பூனைகளுக்கு மினமாட்டா விரிகுடாவின் மீனை உணவாகக் கொடுத்தார். சில வாரங்களுக்குள் அவையும் ஆடத் தொடங்கின. மீனிலேயே நஞ்சு இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும், அவ்விரிகுடாவில் மீன்பிடிப்பதைச் சட்டத்தினால் தடுக்க அரசாங்கம் முன்வரவில்லை. குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் மங்கனீசு, செலீனியம், தாலியம் என ஒவ்வொன்றாக ஐயுற்று, இறுதியில் 1959 ஜூலையில் சேதனப் பாதரசமே காரணம் என அறிவித்தனர். 1940இல் இங்கிலாந்தில் விதைகளுக்கு மருந்திடும் தொழிற்சாலையில் நஞ்சுண்ட தொழிலாளரைப் பற்றி வைத்தியர்கள் எழுதிய அறிக்கை அவர்களுக்கு வழிகாட்டிற்று. அங்கே தொழிலாளரின் உடல் கற்பித்த பாடம், இங்கே மீனவரின் துயரை விளக்கியது.

அந்நஞ்சு மெதைல் பாதரசமாகும். கடலின் நுண்ணுயிர்களில் அது ஏறுகிறது. அவற்றை உண்ணும் சிறு மீனில் செறிகிறது. பெரிய மீனில் மேலும் செறிகிறது. உண்டவரின் குருதியிலிருந்து மூளைக்குட் புகுந்து, உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையையும், பார்வைக்குரிய பகுதியையும் அழிக்கிறது. பூனை கடலில் விழுந்தது தற்கொலையன்று. வழியும் கரையும் அதற்குத் தெரியவில்லை. தாயின் நச்சுக்கொடியையும் அது கடக்கும். தாம் நலமாகத் தோன்றிய தாய்மாரின் பிள்ளைகள் கருவிலேயே நஞ்சுண்டு பிறந்தனர் என்பது 1962இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஏழை வீட்டில் மீன் விலையின்றிக் கிடைக்கும் உணவு. மிகுதியாக உண்டவர் மிகுதியாக நோயுற்றனர். பூனை மீனையன்றி வேறொன்றும் அதிகம் உண்ணாதது. ஆதலால் அது முதலில் விழுந்தது.

இவ்வரலாற்றின் மிகக் கசப்பான ஏடு இனித்தான் வருகிறது. ஹொசொக்காவா, தம் தொழிற்சாலையின் கழிவையே சோதிக்க முனைந்தார். 1959 ஜூலையில் 400ஆம் இலக்கமிட்ட பூனையொன்றுக்கு அசெட்டல்டிஹைட்டுப் பிரிவின் கழிவை உணவிற் கலந்து கொடுக்கலானார். ஒக்டோபர் தொடக்கத்தில் அப்பூனை தள்ளாடிற்று, நுரை தள்ளிற்று, சுழன்றோடிச் சுவரில் மோதிற்று. விடை கையிற் கிடைத்துவிட்டது. ஆனால், சோதனையைத் தொடர நிர்வாகம் தடைவிதித்தது. பெறுபேறு வெளிவரவில்லை. அந்த நல்ல வைத்தியரும் மௌனமானார்.

அந்த மௌனத்தின் விலை யாது? அதே ஆண்டு நவம்பரில் மீனவர் கொதித்தெழுந்து தொழிற்சாலைக்குட் புகுந்தனர். டிசம்பரில் கம்பனி கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறியொன்றை ஆரவாரமாகத் திறந்துவைத்தது. அது பாதரசத்தை அகற்றும் பொறியன்று. டிசம்பர் 30ஆம் தேதி நோயாளருடன் 'அனுதாபப் பண' ஒப்பந்தம் எழுதப்பட்டது. இறந்தவருக்கு 3 இலட்சம் யென்; உயிரோடிருந்த முதிர்ந்த நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் யென். இனித் தொழிற்சாலைக் கழிவே காரணமென நிறுவப்பட்டாலும் மேலும் நட்டஈடு கேட்கக்கூடாது என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. 400ஆம் பூனையின் கதையை ஒரு சாரார் அறிந்திருந்தனர்; மறுசாரார் அறியாமலே கையொப்பமிட்டனர்.

1968 மே வரை அசெட்டல்டிஹைட்டு உற்பத்தி நடந்தது. அதற்குப் பின்னரே, செப்டம்பரில், அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில், 1965இல், நிகாட்டாவில் வேறொரு கம்பனியின் கழிவால் அகனோ ஆற்றங்கரை மக்களுக்கும் அதே நோய் கண்டது. மினமாட்டாவின் உண்மை உரிய காலத்தில் வெளிவந்திருப்பின், அவர்களிற் பலர் தப்பியிருக்கக் கூடுமன்றோ?

1970 ஜூலையில், புற்றுநோயால் படுக்கையில் கிடந்த ஹொசொக்காவா, நீதிமன்றத்துக்குச் சாட்சியமளித்தார். 400ஆம் பூனையைப் பற்றி அப்போது எடுத்துரைத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். 1973 மார்ச் 20ஆம் தேதி குமமோட்டோ நீதிமன்றம் கம்பனியைக் குற்றவாளியெனக் கண்டது. அனுதாபப் பண ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு மாறானது எனத் தள்ளியது. நோயாளருக்கு 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் யென் வரை வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால், இறந்துபோன மூளை அணுக்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. இந்நோயை முற்றாக மாற்றும் சிகிச்சை இன்றும் இல்லை. நஞ்சைக் கடலில் விடாதிருப்பதே அதற்குரிய மருந்து.

ஹொசொக்காவாவைத் தூற்றுவது நமது நோக்கமன்று. முதலில் அறிவித்தவரும் அவரே. இறுதியில் உண்மை உரைத்தவரும் அவரே. ஆனால், கூலி கொடுப்பவனின் சொத்தாக அறிவு மாறும்போது, நேர்மையாளனும் 11 ஆண்டுகள் வாய்மூடி இருக்க நேரிடுகிறது. ஆசிரியரும் மாணவரும் சிந்திக்க வேண்டியது இதுவே. அறிந்தவனின் மனச்சாட்சி மாத்திரம் போதாது. அவன் அஞ்சாமல் பேசுவதற்கு ஒழுங்குபட்ட மக்களின் பலமும் வேண்டும்.

இது தொலைநாட்டுக் கதையென்று ஒதுக்க வேண்டாம். கொடைக்கானலில் வெப்பமானி தயாரித்த ஆலை பாதரசக் கழிவு பற்றிய மக்களின் எதிர்ப்பால் 2001இல் மூடப்பட்டது. தொழிலாளரின் வழக்கு 2016இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. 2021இல் கொழும்புக்கு அப்பால் கப்பலொன்று எரிந்து, இரசாயனமும் பிளாஸ்டிக் மணிகளும் நம் தீவின் கடலிற் கலந்தன. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் குமமோட்டோவில் கூடிச் செய்த உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்குகிறது. மினமாட்டா மக்களின் துயரம் உலகச் சட்டமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

கல்முனைக்குடியின் வாடியோரத்தில் நாளை ஒரு பூனை தள்ளாடினால், வெறுங்கையால் அதைத் தொடாமல் ஒதுக்கி வைப்போம். மிருக வைத்தியரை அழைப்போம். அத்துடன், அது என்ன உண்டது, எந்த நாளில் விழுந்தது, அயல் வீடுகளின் பூனைகள் எவ்வாறுள்ளன என்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். மோடோவின் பூனைகள் செத்தபோது எண்ணிப் பார்த்தவர் சிலர், கேட்டவர் எவருமிலர். நம் கரையில் அப்படி நேராதிருக்கட்டும்.